பாதை டைலில் ஒருத்தி

மழைக்காலம் வந்துவிட்டால் அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் முதலில் வானத்தைத் திட்டுவார்கள். வானம் பதில் பேசாது என்பதால் அப்புறம் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். டைல் வேலை அப்படி. அரைகுறையாகக் காய்ந்த மண்ணைச் சூளையில் வைத்தால் உள்ளே பட்டாசு மாதிரி வெடிக்கும். நன்றாகக் காயட்டும் என்று காத்திருந்தால் வேலை கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பார். அந்த வருஷம் மழை பிடித்த பிடியை விடவில்லை. கட்டிலுக்கு அடியில், பரண்மேல், துணிகளை ஒதுக்கிவிட்டு அலமாரித் தட்டில் என்று வீடு முழுக்க டைல் காய்ந்துகொண்டிருந்தது. தலைமாட்டில் டைல் இருக்கிறது, புரளாதே என்று கணவன் தூக்கத்தில்கூடச் சொல்வான்.

அவளைத் தெருவில் எல்லோரும் நீலம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். நகக்கண்ணில் ஏறிய நீலச் சாயம் சோப்புக்கும் போகாது, எலுமிச்சைக்கும் போகாது. மண் பிசைவது, டைல் அறுப்பது, சூளை பார்ப்பது எல்லாம் கணவன். தூரிகை மட்டும் அவள். அவள் கோடு இழுத்தால் தண்ணீர் ஓடும், இலை அசையும் என்று வாங்கிப் போனவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டால் அவள் ஒன்றும் தெரியாதவள்போலத் தலையைக் குனிந்துகொள்வாள். ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்துவிடும். அந்தக் குளிர்ச்சிதான் பின்னால் அவளைக் கெடுத்தது.

அந்த மழையில் அவர்கள் கையில் இருந்தது பெரிய வேலை. ஊர்க்கோடியில், உயரமான மதிலுக்குப் பின்னால் பழைய தோட்டம் ஒன்று இருந்தது. எந்தக் காலத்திலோ ஆண்டவர்கள் ஒரு சரிவைப் படிப்படியாக வெட்டி அமைத்தது. நடுவில் மேலிருந்து கீழே இறங்கும் நீர்வாய்க்கால், இருபுறமும் நூல் பிடித்து நறுக்கிய செடிவேலி, ஒல்லியாய் உயர்ந்த மரங்களின் வரிசை, அடியில் சதுரக் குளம், குளத்து நடுவே ஒரு மண்டபம். இப்போது வாய்க்காலில் விடுமுறை நாளில் மட்டும் மோட்டார் போட்டுத் தண்ணீர் விடுகிறார்கள். தோட்டம் முதன்முதலில் எப்படி இருந்ததோ அப்படியே டைலில் வரைந்து, வாசலுக்கு உள்ளே ஒரு சுவர் முழுக்கப் பதிக்க வேண்டும் என்று தோட்ட மேற்பார்வையாளருக்கு ஆசை. பழைய வரைபடம் ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து அவர் கண்ணாடியின் நம்பர் கூடிவிட்டது என்று தோட்டத்து ஆட்கள் கேலி பேசினார்கள்.

அவர் அந்த வேலையைப் பெரிய கம்பெனி ஒன்றுக்குக் கொடுப்பதாகத்தான் இருந்தார். நடுவில் புகுந்து கெடுத்தவள் நீலத்தின் நாத்தனார். கணவனின் அக்கா. அந்தத் தோட்டத்தில் களை பிடுங்கி, சருகு கூட்டுகிறவள். மேற்பார்வையாளர் எந்தப் பக்கம் திரும்பினாலும் துடைப்பத்தோடு எதிரில் நின்று, என் தம்பி வீட்டில் செய்து தருவார்கள், ஒரு டைல் செய்யச் சொல்லிப் பாருங்கள் என்று நச்சரித்திருக்கிறாள். தொல்லை தாங்காமல் அவர் ஒரு டைல் கேட்டார். நீலம் குளத்து மண்டபத்தை வரைந்து அனுப்பினாள். அதற்குமேல் கம்பெனிப் பேச்சு எழவில்லை.

அவ்வளவு நல்லது செய்தவளை வீட்டில் எப்படி வைத்திருந்தார்கள் என்று கேட்டால், நன்றாகத்தான் வைத்திருந்தார்கள், முகத்துக்கு நேரே. நாத்தனாரின் கணவரும் அதே தோட்டத்தில் மரம் கழிக்கிறவர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுக்கையில் கிடந்தார். அவள் ஒருத்தி சம்பாத்தியம் மருந்துக்கே இழுபறி. அதனால் தினமும் வேலை முடிந்து போகும்போது தம்பி வீட்டுக்கு வருவாள். கையில் இரண்டடுக்கு அலுமினிய டப்பா. நீலம் கேட்காமலே வாங்கி நிரப்பிக் கொடுப்பாள். அதில் அவள் ஒருநாளும் குறை வைத்ததில்லை. அதை அவள் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் கை கொடுத்ததே தவிர மனசு முணுமுணுத்தது. நாத்தனாரும் லேசுப்பட்டவள் இல்லை. வாங்கிக்கொண்டே உப்பு ஒரு கல் தூக்கல் என்பாள். கை கழுவுகிறேன் என்று பின்கட்டுக்குப் போனால் தேய்ந்துபோன சோப்புத் துண்டைக் கூசாமல் இடுப்பில் செருகிக்கொண்டு வருவாள். எல்லாவற்றுக்கும் மேலே, வாசல் கதவருகில் அவள் செய்கிற அந்த ஒன்று. டப்பாவை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போவாள். வலது செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் காலை இடது கால்மேல் வைத்துக்கொள்வாள். மேல்மூடியை ஒரு விரல் அளவுக்குத் தூக்குவாள். கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, மூக்கு விரிய ஒருதரம் இழுப்பாள். என்ன கிடைத்தது என்று தெரிந்த முகத்தோடு மூடியை அழுத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பாள். ஒருநாள் தவறாது. அவள் தெருவில் இறங்கியதும் நீலம் கணவனைப் பார்ப்பாள். கணவன் நீலத்தைப் பார்ப்பான். இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

வேலையிடத்தில் அவர்களுக்கு ஒரு விளையாட்டும் இருந்தது. காலையில் கை விறைப்பாக இருக்கும். உடனே நேர்க்கோடு வராது. கை இளகுவதற்காக நீலம் ஏதாவது ஒரு டைலில் அன்றைக்கு வந்தவர்கள் யாரையாவது கிறுக்குவாள். வாடகை கேட்டு வந்த வீட்டுக்காரரின் மூக்கு, பால்காரரின் தொப்பை, எதிர்வீட்டுக்காரி துணி பிழிகிற வேகம். கிறுக்கியதை அலமாரிச் சட்டத்தில் சாய்த்து வைப்பாள். கணவன் வந்து பார்த்துச் சிரிப்பான். சிரித்தவன் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். பார்த்தவர்தான் துடைக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் சட்டம். சூளைக்குப் போகாத வண்ணம் வெறும் தூசிதானே. யாருக்கும் நஷ்டம் இல்லை.

துடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்றால், வண்ணம் தீட்டிய டைலை அவர்கள் பால் என்று சொல்கிற கிளேஸ் கரைசலில் முக்குவார்கள். முக்கியதும் டைல் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். மரமும் தெரியாது, குளமும் தெரியாது, பின்பக்கத்து எண்ணைப் பார்த்துத்தான் எந்த டைல் என்று சொல்ல முடியும். சூளையில் வெந்து அந்தப் பால் கண்ணாடியாக உருகிய பிறகுதான் உள்ளே இருப்பது வெளியே வரும். வந்தால் வந்ததுதான். அதற்குப் பிறகு உடைக்கலாமே தவிர அழிக்க முடியாது.

அன்றைக்கு நீலம் எடுத்தது பாதை டைல். செடிவேலிக்கு நடுவே போகிற நடைபாதை. ஓரத்தில் கொஞ்சம் புல், மற்றபடி வெறும் வெள்ளை. அதற்கு முந்தின சாயங்காலம் நாத்தனார் சோப்பு கேட்டு வாங்கிக்கொண்டு, குழம்பு நேற்றைக்கு இன்று பரவாயில்லை என்று சான்றிதழும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அந்த எரிச்சல் கையில் இருந்தது. தூரிகையை நீலத்தில் தோய்த்து, யோசிக்காமல் இழுத்தாள். சாய்ந்த தோள், நீண்ட கழுத்து, கால்மேல் கால், பக்கத்தில் கிடக்கும் வார் அறுந்த செருப்பு, கையில் டப்பா, ஒரு விரல் தூக்கிய மூடி, விரிந்த மூக்கு. ஒரு கோடு அதிகமில்லை, ஒரு கோடு குறைவில்லை. அவளுக்கே சிரிப்பு வந்தது. சட்டத்தில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். திரும்பி வருவதற்குள் மழை வலுத்து, பின்கட்டுத் தகரம் ஒழுகி, சூளையை மூடப் பாயைத் தூக்கிக்கொண்டு ஓடி, அன்றைய பொழுது அதிலேயே போய்விட்டது. சாயங்காலம் பார்த்தால் சட்டத்தில் ஒன்றும் இல்லை. துடைத்திருப்பார், பாதைதானே, புல் அழியாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டாள்.

சூளை திறந்த அன்று வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. சூடு ஆறும்போது டைல்கள் டிங் டிங் என்று மெல்ல ஓசையிடும்; நல்ல சூளை என்றால் அந்தச் சத்தம் கேட்க இனிமையாக இருக்கும். கணவன் துணியால் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். நீலம் தரையில் எண் பார்த்து அடுக்கிக்கொண்டே வந்தாள். குளம் வந்தது, மண்டபம் வந்தது, வாய்க்கால் இறங்கி வந்தது. கடைசியில் பாதை வந்தது. பாதையில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள்.

கணவன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான். ஐயோ, இதை எப்படி வைப்பது என்று அவள் கேட்டதற்கு, நாளைக் காலையில் பதிக்கிற கொத்தனார் வருகிறார், இன்னொன்று செய்து சுட நேரம் எங்கே, யாருக்குத் தெரியப்போகிறது என்று மட்டும் சொன்னான். அவள் மறுத்திருக்கலாம். பாதையில் ஒரு டைலுக்கு இடம் விட்டுப் பதியுங்கள், பிறகு தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. காரணம் அவளுக்கே தெரியும். அந்தத் தோட்டத்தில் மரம் இருந்தது, தண்ணீர் இருந்தது, ஆனால் உயிர் என்று இருந்தது அந்த ஒரு டைலில்தான். அவள் வாழ்நாளில் இழுத்ததிலேயே நல்ல கோடு அது. அதை எடுத்து ஒளித்துவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

சுவர் பதித்து முடிந்த அன்று மேற்பார்வையாளர் நேராக அந்த டைல் முன்னால்தான் வந்து நின்றார். முகம் மலர்ந்துவிட்டது. அரண்மனைப் பணிப்பெண், வாசனைப் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள், எவ்வளவு பொருத்தமாக யோசித்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். நீலம் தலையைக் குனிந்துகொண்டாள். இந்தத் தடவை உள்ளே குளிரவில்லை. கூட்டுகிற பெண்கள் துடைப்பத்தோடு சுற்றி நின்று வாய்க்கால் எங்கே, நம் கொட்டகை எங்கே என்று தேடினார்கள். ஒருத்திக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. "ஏய், இது நம்ம அக்கா இல்ல? நிக்கிற நிப்பைப் பாரு" என்றாள். அதற்குப் பிறகு சிரிப்பும் கைதட்டலும்தான். நாத்தனாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து முன்னால் நிறுத்தினார்கள்.

நாத்தனார் வெகுநேரம் பார்த்தாள். கையில் என்ன வைத்திருக்கிறாய் என்று யாரோ கேட்டார்கள். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "விதை டப்பா" என்றாள். "விதை உளுத்துப் போச்சான்னு மோந்து பாக்கறேன்." எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நீலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் டப்பாவில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே வைத்தாள். நாத்தனார் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். நடந்தாள்.

மழை தூறுகிறது, அதனால் நிற்கவில்லை என்று நீலம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் தூறவில்லை. அன்றும் நாத்தனார் நிற்கவில்லை, மூடியைத் திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் கரண்டியைத் தூக்கியதுமே, போதும்மா, போதும் என்று கையால் மறைத்தாள். உப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. கை கழுவப் பின்கட்டுக்குப் போகவில்லை. தோட்டத்திலேயே கழுவிவிட்டேன் என்றாள். தேய்ந்த சோப்புத் துண்டு பின்கட்டுக் கல்லில் இருந்த இடத்திலேயே கரைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் நாத்தனாருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது என்று நீலத்துக்கு உறைத்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்குக் குறுகுறுப்பு இல்லை, எரிச்சலெடுத்தது. அடுப்படியில் நிற்கும்போது, தூரிகை பிடிக்கும்போது, தன் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால் என்ன சொல்வது? வீடு தேடி வந்து வாங்கிச் சாப்பிடுகிறவளை வரைந்து ஊர் பார்க்கிற சுவரில் ஒட்டிவிட்டேன் என்றா? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். நாத்தனாராவது சண்டைக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டினால் இவளும் நாலு வார்த்தை பேசி, பிறகு அழுது, சமாதானமாகியிருக்கலாம். அவள் திட்டவில்லை. டப்பாவை நீட்டினாள், வாங்கினாள், வருகிறேன் என்றாள்.

ஒருநாள் அவள் வரவே இல்லை.

விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் நீலம் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். பிறகு வேறு பாத்திரத்தில் போட்டுக் கணவனிடம் கொடுத்து அனுப்பினாள். அவன் சீக்கிரமே திரும்பிவிட்டான். கால் வலியாம், நாளை வருகிறாளாம் என்றான். அவன் போனபோது அக்காவும் மாமாவும் காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். அதைச் சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாளைக்கு வருவாள், அதற்கு மறுநாள் வருவாள், ஒருநாள் நின்றுவிடுவாள் என்பது இரண்டு பேருக்குமே தெரிந்தது. நின்றுவிட்டால் அக்கா வீட்டில் சோறு இல்லை.

"அன்னிக்கு நீங்க அந்த டைலைப் பாக்காமலேதானே முக்கினீங்க?" என்று நீலம் கேட்டாள். மழை, இருட்டு, அவசரம். அவன் அப்படித்தான் சொல்வான் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தாள்.

"பாத்தேன்" என்றான்.

அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"பாத்துச் சிரிச்சேன். ஸ்பாஞ்சையும் எடுத்தேன். கிட்ட கொண்டு போனப்புறம் முடியல." அவன் விரல் நகத்தில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டே பேசினான். "அம்மா போனப்புறம் அக்காதான் நாலு வீட்ல பாத்திரம் தேச்சுட்டு, மிச்சத்தை வாங்கிட்டு வருவா. அப்பவும் இதே நிப்புதான். வாசல்ல நின்னு, மூடியத் தூக்கி மோந்து பாப்பா. கெட்டுப் போயிருந்தா எனக்குக் குடுக்க மாட்டா, தானே தின்னுடுவா. நல்லதா இருந்தா உள்ள கொண்டு வந்து எனக்கு வெப்பா. நீ போட்டது அப்படியே அந்த அக்கா. அந்த மூஞ்சில போய் ஸ்பாஞ்சை வெச்சுத் தேய்க்கச் சொல்றியா?"

"அப்புறம் ஏங்க தினமும் என்கூடச் சேர்ந்து சிரிச்சீங்க?"

நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. இத்தனை வருஷம் அதே நிற்பைப் பார்த்து அவனும் சிரித்தான். டைலில் பார்த்த பிறகுதான் அக்காவைப் பார்த்தான். துடைக்க மனம் வராமல் பாலில் முக்கிவிட்டான். அவனுக்கு அது பாசம். சுவரில் பார்க்கிறவளுக்கு அது என்ன என்று அவன் யோசிக்கவில்லை. நீலத்துக்கு அவன்மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோபமும் சுற்றிச் சுற்றித் தன்னிடமே வந்து சேர்ந்தது. வரைந்தவள் அவள்தானே.

மறுநாள் காலை அவள் அதே பாதைக்கு இன்னொரு டைலை எடுத்தாள். மேற்பார்வையாளருக்கு அந்தப் பெண் வேண்டும். சரி, பெண் இருக்கட்டும், டப்பா மட்டும் வேண்டாம் என்று நினைத்து வரைந்தாள். டப்பாவை எடுத்துவிட்டால் நீட்டிய கை பிச்சைக்கு ஏந்திய கை மாதிரி இருந்தது. பதறிப்போய்த் துடைத்தாள். கையில் ஒரு பூவைக் கொடுத்துப் பார்த்தாள். நாத்தனார் பூவை முகர்வதாவது. பார்த்தாலே பொய் என்று தெரிந்தது. கையைக் கீழே இறக்கினால் கழுத்து எதற்காக நீண்டிருக்கிறது என்று தெரியவில்லை. கழுத்தைச் சுருக்கினால் அது நாத்தனாரே இல்லை. துடைத்துத் துடைத்து டைல் நீலம் பாரித்துப்போயிற்று. கடைசியில் வேறொரு டைலில் ஓரத்துப் புல்லை மட்டும் போட்டு, வெறும் பாதையாகச் சுட்டு எடுத்தாள்.

அதைத் துணியில் சுற்றி, கணவனின் உளியையும் சுத்தியையும் பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். மேற்பார்வையாளரிடம், அந்த ஒரு டைலில் வேலை சரியில்லை, மாற்றித் தருகிறேன் என்றாள். அவர் வந்து குனிந்து பார்த்து, விரிசலா, புள்ளியா, எங்கே என்று கேட்டார். அவளால் காட்ட முடியவில்லை. வருகிறவர்கள் எல்லாம் இதன் பக்கத்தில்தான் நின்று போட்டோ எடுக்கிறார்கள், உங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று அவர் அங்கலாய்த்தார். அவள் பிடிவாதமாக நின்றதைப் பார்த்து, செய்தவர் நீங்கள், உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழை விட்டு மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. சுவரெல்லாம் நனைந்து வரைந்த தோட்டம் நிஜத்தோட்டத்தைவிடப் பளிச்சென்று இருந்தது. நீலம் உளியை டைலின் விளிம்பில் வைத்தாள். சுத்தியை ஓங்குவதற்குள் பின்னால் சருகுக்கூடை இறங்கும் சத்தம் கேட்டது. திரும்ப வேண்டியிருக்கவில்லை, அந்த நடை அவளுக்குத் தெரியும்.

"என்னம்மா பண்ற?" என்றாள் நாத்தனார்.

"இந்த டைல் சரியில்ல அண்ணி. மாத்திடலாம்னு வந்தேன்."

"சரியில்லையா? எல்லாம் சரியாத்தானே இருக்கு. என் செருப்பு வாரு அறுந்தது வரைக்கும் போட்டிருக்க."

நீலம் உளியை இறக்கினாள். விளையாட்டுக்குத்தான் போட்டேன், சூளைக்குப் போகும் என்று தெரியாது, அவர் துடைத்துவிடுவார் என்று நினைத்தேன் என்று ஏதேதோ சொன்னாள். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கேவலமாகக் காதில் விழுந்தது. துடைக்கிற படமாக இருந்தால் மட்டும் என்ன? விளையாட்டு வினையாகும் என்பது ஊருக்குத் தெரிந்த சொல்தான். அந்த விளையாட்டு எதைப் பற்றியது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

நாத்தனார் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு நனைந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"நான் உங்க தெருமுனை திரும்பற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் சிரிக்கறது எனக்குக் கேக்கும்மா. தினமும் கேக்கும். எவ்வளவு வேலை இருந்தாலும் என் தம்பி வீட்ல புருஷன் பொண்டாட்டி சிரிச்சுப் பேசிக்கறாங்க, நல்லாருக்கட்டும்னு நினைச்சுட்டே போவேன். வீட்டுக்குப் போய் அவர்கிட்டகூடச் சொல்லுவேன். இதைப் பாத்தப்புறம்தான் எதுக்குச் சிரிச்சீங்கன்னு புரிஞ்சுது."

நீலம் சுவர்ப் பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றாள். எதிரில் டைலில் இருந்த முகத்தையும் பார்க்க முடியவில்லை, பின்னால் நிற்கும் முகத்தையும் பார்க்க முடியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தாள். அதைச் சொன்னால், பரவாயில்லை என்ற வார்த்தையையும் நாத்தனாரிடமே வாங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். டப்பா நிரப்பிக் கொடுத்த கை இப்போது அதற்காக நீள்வது அவளுக்குக் கூசியது.

"எடுத்துடறேன் அண்ணி" என்றாள். "இப்பவே எடுத்துடறேன்."

"வேணாம்."

"இல்ல அண்ணி, இது இங்க இருக்கக் கூடாது."

"எடுத்தா, ஏன் எடுத்தாங்கன்னு கேப்பாங்க. இங்க இருக்கறவங்களுக்கு இது நான்தான்னு மட்டும் தெரியும். கையில விதைன்னு சொல்லி வெச்சிருக்கேன். நம்பிட்டாங்க. நீ வந்து உளி போட்டு இடிச்சா, நான் அதுக்கு ஒண்ணு சொல்லணும். என்னால இன்னொரு பொய் யோசிக்க முடியாதும்மா." கூடையைத் தூக்கக் குனிந்தவள் நிமிர்ந்து இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னாள். "யாராவது உன்கிட்ட கேட்டா நீயும் அதையே சொல்லு. விதைன்னே சொல்லு. வீட்ல அவர்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

நீலம் தலையை ஆட்டினாள். நாத்தனார் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நாலடி போனதும், இன்றைக்கு வருவீர்களா அண்ணி என்று நீலம் கேட்டாள். கேட்கும்போது அவளுக்கே தன் குரல் கேட்கவில்லை. வராமல் எப்படி, அவருக்குப் பசிக்குமே என்று நாத்தனார் நடந்துகொண்டே சொன்னாள். அவளுக்கும் பசிக்கும் என்பதை அவள் சொல்லவில்லை.

வெறும் பாதை டைல் பையிலேயே வீடு திரும்பியது. கணவன் அதைப் பார்த்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். சிரிப்பு கேட்கும் என்று அக்கா சொன்னதைச் சொன்னபோது அவன் எழுந்து சூளைப் பக்கம் போய்விட்டான். சூளையில் அன்று வேலை ஒன்றும் இல்லை. வெகுநேரம் தகரத்தைத் தட்டிச் சரிசெய்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

நீலம் மீன் வாங்கி வந்தாள். நாத்தனாருக்கு மீன் என்றால் உயிர். கழுவி, நறுக்கி, மிளகு இடித்து, எண்ணெய் காய்ந்ததும் ஒவ்வொரு துண்டாகப் போட்டுப் பொறுமையாகப் பொரித்தாள். வாசனை வாசல்வரை போயிற்று. தெருவில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். உப்பை இரண்டு தரம் நாக்கில் வைத்துப் பார்த்தாள். தூக்கலாகப் போட்டால் ஒருவேளை அவள் ஏதாவது சொல்வாளோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படி நினைத்ததற்கும் வெட்கமாக இருந்தது.

நாத்தனார் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். கால்வலி எப்படி இருக்கிறது என்று தம்பி கேட்டான். பரவாயில்லை என்றாள். மாமா தூங்கினாரா, மருந்து இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றாள். நீலம் டப்பாவை வாங்கிக் கீழடுக்கில் சோறும் மேலடுக்கில் மீனுமாக நிறைத்தாள். போதும் என்று அவள் சொல்வதற்கு முன்பே மூடிவிட்டாள். மூடி சூட்டில் வியர்த்திருந்தது. நாத்தனார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். செருப்பு இரண்டும் காலிலேயே இருந்தன. புது வார் போட்டுத் தைத்திருந்தாள்.

நீலம் பின்னாலேயே போனாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவன் உள்ளே இருட்டில் நின்றுகொண்டிருந்தான்.

"மீன் வெச்சிருக்கேன் அண்ணி. இப்பதான் எறக்கினேன். திறந்து பாருங்க."

நாத்தனார் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. டப்பாவை மார்போடு அணைத்து, மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கறேம்மா" என்றாள்.